இறங்காமல் கடக்கும் ஊர்கள்

உலக உருண்டையின் மேல், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் இருக்கும் பெர்த் விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது இந்தியப் பெருங்கடலைக் கடந்து இலங்கையின் தென்கிழக்கில் யால காட்டுப் பக்கம் கரையேறும். புத்தளத்துக்கருகே மறுபடி கடலில் இறங்கும். கீழக்கரைப் பக்கம் தமிழ்நாட்டைத் தொட்டு, மதுரையை ஒட்டிப் போய், மேட்டுப்பாளையத்தைத் தாண்டிக் கர்நாடக மலைகளில் ஏறி, கார்வார் பக்கம் அரபிக்கடலுக்குள் போய்விடும். இரண்டு நிலையங்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி இதுதான். நீளம் 14,498 கிலோமீட்டர். காற்றின் போக்கும், எந்த நாடு தன் வானத்தில் இடம் கொடுக்கிறது என்பதும் நூலை இப்படியும் அப்படியும் தள்ளுவதால், விமானங்கள் அச்சாக இதன் மேலேயே பறப்பதில்லை. இருந்தாலும் கணக்கு நம் தலைக்கு மேலாகத்தான் போகிறது.

2018 மார்ச் 24 அன்று மாலை பெர்த்திலிருந்து கிளம்பிய, ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டாஸின் போயிங் 787-9 விமானம், எங்கும் இறங்காமல் மறுநாள் விடிகாலை ஐந்து மணிவாக்கில் ஹீத்ரோவில் தரை தொட்டது. 236 இருக்கைகள், ஏறத்தாழ 17 மணி நேரம். ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் நடுவே, டிக்கெட் வாங்கி ஏறும் பயணிகளுக்கு இப்படியொரு நேரடிச் சேவை வாய்த்தது அதுவே முதல் தடவை. லண்டனிலிருந்து திரும்பும்போது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முதுகைத் தள்ளுவதால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமாகிறது.

இதே பெர்த்திலிருந்து, இதே கடலைக் குறுக்கே கடந்து, அதற்கு எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பும் ஒரு சேவை நடந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்ததோடு, இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இருந்த விமானப் பாதை நடுவில் அறுந்துபோனது. அறுந்ததை முடிச்சுப் போட 1943இல் தண்ணீரில் இறங்கி எழும்பும் பறக்கும் படகுகளான ஐந்து கேட்டலினா விமானங்களைக் கொண்டு ஒரு வழி கண்டார்கள். பெர்த் நகரின் ஸ்வான் ஆற்றில், நெட்லண்ட்ஸ் கரையோரம் தண்ணீரிலிருந்து எழும்பி, இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரியில் இறங்குவது. இடையே உள்ள 5,652 கிலோமீட்டரில் ஒதுங்க ஒரு தீவு கூடக் கணக்கில் கிடையாது. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் போகும் அந்த விமானத்துக்கு இது 27 முதல் 33 மணி நேர வேலை. இன்றைய 787 அதே தூரத்தை ஆறரை மணி நேரத்தில் முடித்துவிடும்.

அந்தக் கேட்டலினாவைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். உள்ளே கூடுதல் தொட்டிகள் வைத்து, மொத்தம் 9,000 லிட்டர் அளவுக்கு எரிபொருள் ஏற்றினார்கள். அந்தப் பாரத்தை ஈடுகட்ட, கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிவிட்டார்கள். துப்பாக்கி போனது. குளிரைத் தடுக்கும் உள்பூச்சும் போனது. மிஞ்சிய இடத்தில் ஏற முடிந்தவர்கள் மூன்று பயணிகள். அவர்களோடு 69 கிலோ தபால். எதிரியின் காதில் விழுந்துவிடக்கூடாது என்பதால் வானொலியில் வாய் திறக்கக் கூடாது. வானிலைச் செய்தியைக் காதால் வாங்கிக்கொள்வதோடு சரி. இரவில் நட்சத்திரம் பார்த்துத்தான் திசை. இருபத்துநாலு மணி நேரத்துக்கும் மேல் ஒரே மூச்சாக வானில் இருந்ததால், ஏறியவர்கள் ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரியன் உதிப்பதைப் பார்த்தார்கள். அதற்காக ஒவ்வொருவருக்கும் ‘இரட்டைச் சூரியோதய ரகசியக் குழு’வின் உறுப்பினர் என்று ஒரு சான்றிதழும் தந்தார்கள். ஒரு தடவை 32 மணி 9 நிமிடம் ஆனது. பயணிகளோடு ஒரு விமானம் அவ்வளவு நேரம் வானில் நின்றதை இன்றுவரை எந்தச் சேவையும் மிஞ்சவில்லை.

1945 ஜூலையில் நிறுத்தும்வரை 271 முறை அந்தக் கடலைக் கடந்தார்கள். ஒரு விமானமும் தொலையவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் பிடிபடாத சங்கதி. மூன்று பேருக்கு 9,000 லிட்டர் என்றால் தலைக்கு 3,000 லிட்டர், அதுவும் பாதிக்கும் குறைவான வழிக்கு. இன்றைய 787-9இன் தொட்டிகளை முழுக்க நிரப்பினால் சுமார் 1,26,000 லிட்டர் பிடிக்கும். இருக்கைகளால் வகுத்தால் தலைக்கு 530 லிட்டர் சொச்சம், முழு வழிக்கு. மனிதர்களைச் சுமப்பதில் என்ன சாதித்திருக்கிறோம் என்று கேட்பவருக்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இன்னும் பின்னால் போனால் கணக்கு மணியில் இருக்காது, நாளில் இருக்கும். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியருக்கு 10,000 பவுன் பரிசு என்று 1919இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்ற அண்ணன் தம்பியும் இரண்டு மெக்கானிக்குகளும் நவம்பர் 12 அன்று லண்டனுக்கு அருகே ஹவுன்ஸ்லோவிலிருந்து விக்கர்ஸ் விமி விமானத்தில் கிளம்பி, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினார்கள். 28 நாள். அதில் பறந்தது 135 மணி நேரம்தான், மற்றதெல்லாம் தரையில். ஜாவாவின் சுரபாயாவில் சக்கரங்கள் சேற்றில் புதைந்து நின்றுவிட்டன. சுற்றுப்புறத்து மக்கள் தங்கள் மூங்கில் பாய்களைக் கொண்டுவந்து சேற்றின் மேல் விரித்து ஓடுபாதை போட்டுக் கொடுக்க, அந்தப் பாய்களின் மேல் ஓடித்தான் விமானம் எழும்பியது. அதே போட்டியில் கிளம்பியவர்களில் நான்கு பேர் உயிரை விட்டார்கள். ஸ்மித் சகோதரர்களைத் தவிர டார்வின் வந்து சேர்ந்தது இன்னும் ஒரே ஒரு விமானம். அதற்குப் பிடித்தது 206 நாள்.

காசு கொடுத்துப் போகும் பயணிகளுக்கு லண்டன்–பிரிஸ்பேன் வழி திறந்தது 1935 ஏப்ரலில். பன்னிரண்டரை நாள் பயணம், ஒருவழிக் கட்டணம் 195 பவுன். விமானப் பயணம் என்று பெயரே தவிர, பாரிஸிலிருந்து இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகம்வரை ரயிலில்தான் போக வேண்டும். இத்தாலியோடு இருந்த பிணக்கு அதற்கு ஒரு காரணம். இரவில் பறப்பது அன்றைய வழக்கமில்லை. பொழுது சாய்ந்தால் இறங்கி, சாப்பிட்டு, கட்டிலில் படுத்துத் தூங்கி, விடிந்ததும் கிளம்ப வேண்டியதுதான். அதற்கான ஓட்டல் செலவெல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம்.

அப்படித் தங்கிய இடங்களில் ஒன்று ஷார்ஜா. 1932இல் அங்கே பாலைவன மணலில் பிரிட்டனின் இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனப் பயணிகளுக்காக ஒரு கோட்டையே எழுப்பினார்கள். சுற்றிலும் மதில், மூலையில் காவல் கோபுரம், உள்ளே படுக்கையறைகளும் சாப்பாட்டுக் கூடமும். ராத்திரி கொள்ளைக்காரர் வந்தால் தாக்குப்பிடிக்க வேண்டுமே. இன்று அந்தக் கோட்டை ஓர் அருங்காட்சியகம். விமானம் ஓடிய தரை நகரின் நடுவே கார்கள் ஓடும் சாலை. அடுத்த ஊரான துபாயில் 1937இலிருந்து பறக்கும் படகுகள் இறங்கின. இறங்கியது அங்கிருந்த கடல் ஓடையில். இன்று துபாய் விமான நிலையம் உலகிலேயே வெளிநாட்டுப் பயணிகள் மிக அதிகமாக வந்துபோகும் நிலையங்களில் ஒன்று. ராத்தங்கலுக்கு ஒதுங்கிய கரை, உலகமே மாறி ஏறும் சந்திப்பாகிவிட்டது. பழைய பாதையில் இருந்த ஊர்களில் இந்த அதிர்ஷ்டம் அடித்தது மிகச் சிலவற்றுக்கே.

1938இல் பறக்கும் படகுகள் சவுத்ஹாம்ப்டனிலிருந்து சிட்னியின் ரோஸ் பே வரை ஓட ஆரம்பித்தபோது பயணம் ஒன்பது, பத்து நாளாகக் குறைந்தது. ஷார்ட் எம்பயர் என்ற அந்த வகையைப் பார்த்தவர்களுக்கும் போனவர்களுக்கும் அதன் மேல் ஒரு கிறக்கமே இருந்தது. பதினைந்து பேர் அளவில்தான் பயணிகள். எழுந்து நின்று கம்பியைப் பிடித்தபடி ஜன்னல் வழியே கீழே பார்க்க ஒரு தனி அறை இருந்தது. பார்க்கவும் ஏதாவது இருந்தது. மேகத்துக்குக் கீழே போகிற உயரம் அது. அலெக்சாந்திரியா, பாஸ்ரா, பஹ்ரைன், கராச்சி, ராஜஸ்தானின் ராஜசமந்த் ஏரி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா, ரங்கூன், பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர், சுரபாயா, டார்வின் என்று நாளுக்கு மூன்று நான்கு தண்ணீர்த்துறைகள். இந்தியாவை அது வடக்கே குறுக்காகக் கடந்ததால் சென்னைக்கு அதில் இடமில்லை. 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா தொடங்கிய கராச்சி–பம்பாய்–மெட்ராஸ் தபால் விமானம் கராச்சியில் போய் அந்தப் பெரும் பாதையோடு சேர்ந்துகொண்டது. சென்னைக்கு இருந்த தொடுப்பு அதுதான்.

போருக்குப் பிறகு வந்தது கான்ஸ்டலேஷன் விமானம். 1947 டிசம்பர் 1 அன்று குவாண்டாஸின் முதல் சேவை 29 பயணிகளோடு சிட்னியிலிருந்து லண்டனுக்குக் கிளம்பியது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று ஆறு நிறுத்தங்கள். சிங்கப்பூரிலும் கெய்ரோவிலும் இரவுத் தங்கல். நான்கு நாளில் லண்டன். போய்வரக் கட்டணம் 585 பவுன். அன்றைய ஆஸ்திரேலிய ஊழியர் ஒருவர் ஓராண்டு முழுக்கச் சம்பாதித்தாலும் அந்தத் தொகை சேராது. இன்று ஓரிரு வாரச் சம்பளத்தில் போய்வந்துவிடலாம். அன்று மற்றவர்களுக்கெல்லாம் கப்பல்தான். சூயஸ் வழியாக ஒரு மாதம், ஒன்றரை மாதம். பிள்ளை கப்பலேறினால் பெற்றவர்கள் துறைமுகத்தில் பார்த்த முகமே கடைசி முகம் என்று ஆன குடும்பங்கள் அப்போது ஏராளம்.

1959இல் போயிங் 707 வந்தது. நாட்கணக்கு மணிக்கணக்காக இறங்கியது. இந்த இடத்தில்தான் பலரும் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு விஷயம் இருக்கிறது. 707 மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது. இன்றைய 787இன் வேகமும் ஏறக்குறைய அதேதான். ஒலியை மிஞ்சிய கன்கார்டு வந்து ஓய்ந்தும் போனது. இந்த நெடும்பாதை அதன் கைக்குள் வரவே இல்லை. அறுபது ஆண்டுகளாக விமானங்கள் வேகமாகவில்லை. வழியில் இறங்குவதைத்தான் நிறுத்திக்கொண்டன. எரிபொருளைக் குறைவாகக் குடிக்கும் எஞ்சின், எடை குறைந்த உடல், இரண்டே எஞ்சின்களோடு நடுக்கடலைக் கடக்கக் கிடைத்த அனுமதி எல்லாம் சேர்ந்து கொடுத்த வரம் ஒன்றுதான்: இன்னோர் ஊரில் இறங்க வேண்டாம். ஆக, மிச்சமான ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அழிந்த ஊர் ஒன்று உண்டு. முதலில் திரிப்போலி போனது. பிறகு கல்கத்தாவும் கராச்சியும் பாதையிலிருந்து கழன்றன. ஒரு காலத்தில் ஆஸ்திரேலியாவின் வாசற்படியாக இருந்த டார்வின், லண்டன் போகிறவருக்கு வெறும் வரைபடப் புள்ளியானது.

இதன் உச்சத்தை 1989லேயே காட்டிவிட்டார்கள். அந்த ஆண்டு ஆகஸ்ட் 17 அன்று குவாண்டாஸின் புத்தம்புதிய 747-400 ஒன்று லண்டனிலிருந்து சிட்னிக்கு எங்கும் நிற்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்தது. அதற்காக அடர்த்தி கூடிய எரிபொருளை ஜெர்மனியில் தனியாகத் தயாரித்தார்கள். தரையில் ஓடி ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று விமானத்தை ஓடுபாதையின் முனைவரை வண்டி கட்டி இழுத்துப் போனார்கள். டிக்கெட் வாங்கும் பயணிகளை ஏற்றாமல் சாதனைக்காகச் செய்த காரியம். அதே விமானம் 2015 மார்ச்சில், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, சிட்னியிலிருந்து கால் மணி நேரம் பறந்து இல்லவாரா அருங்காட்சியகத்தில் போய் நின்றுகொண்டது.

கொக்கலவுக்கு வருவோம். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் அது. 1942இல் பிரிட்டிஷ் விமானப்படை பறக்கும் படகுத் தளம் போட்டபோது அங்கிருந்த மக்களை வெளியேற்றினார்கள். அந்த ஏப்ரலில் இலங்கையை நோக்கி வந்துகொண்டிருந்த ஜப்பானியக் கடற்படையை முதலில் கண்டு சொன்ன கேட்டலினா இந்த ஏரியிலிருந்துதான் எழும்பியது. ஓராண்டு கழித்து, பெர்த்திலிருந்து வந்த விமானங்கள் இதே தண்ணீரில் இறங்கின. பின்னர் அந்தச் சேவை கராச்சிவரை நீண்டது. அங்கிருந்து இங்கிலாந்துக்கு வேறு விமானம். லண்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையிலான வான்தொடர்பு முழுவதும் தொங்கிக்கொண்டிருந்த கொக்கிகளில் ஒன்றாக அந்தச் சிற்றூர் சில காலம் இருந்தது. இன்று அங்கே ஒரு சிறு விமான நிலையமும் ஏற்றுமதித் தொழிற்சாலைகளும் சுற்றுலா விடுதிகளும் இருக்கின்றன. பெர்த்துக்கு அங்கிருந்து விமானம் இல்லை.

ஈழத்தை விட்டுச் சிதறிய குடும்பங்களுக்கு இந்தப் பாதை வேறொரு விதத்தில் நெருக்கம். அண்ணன் லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருப்பார், தங்கச்சி சிட்னி ஹோம்புஷில் இருப்பா. கலியாணம், செத்தவீடு என்றால் இந்த நெடுவழியில்தான் போக்குவரத்து. அம்மா கடுமையாக இருக்கிறா என்று இரவில் போன் வந்தால், மறுநாள் கழித்து அவவின் கையைப் பிடிக்கப் போய்ச் சேர்ந்துவிட முடிகிறது. கப்பல் காலத்தில் கடிதம்கூட அவ்வளவு சீக்கிரம் போயிருக்காது. இழந்ததைப் பற்றி எழுதும்போது இதைத் தராசின் மறு தட்டில் வைக்காமல் இருப்பது நேர்மையில்லை. கூடவே இன்னொன்றும் உண்டு. லண்டனிலிருந்து பெர்த் போகிற விமானத்தில் இருப்பவர், எந்தத் தீவிலிருந்து கிளம்பி வந்தாரோ அதன் பக்கமாகவே பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் கடந்துபோகிறார். பெரும்பாலும் ஜன்னல் மூடியிருக்கும். விளக்கை அணைத்துத் தூங்கச் சொல்லியிருப்பார்கள்.

அன்றைய பயணி பத்து நாள் போனாலும் இரவில் படுத்துத் தூங்கினார். பொழுது மாறுவதை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. இன்றைய பயணி 17 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்கார்ந்து, இறங்கும்போது ஏழெட்டு மணி நேர வித்தியாசத்தை ஒரேயடியாக விழுங்குகிறார். இதை ஆராயவே குவாண்டாஸ் 2019இல் சோதனைப் பயணங்கள் நடத்தியது. நவம்பரில் லண்டனிலிருந்து சிட்னிக்கு 52 பேரோடு 19 மணி 19 நிமிடம் பறந்தார்கள். விமானிகளின் தலையில் மூளை அலைகளைப் பதியும் பட்டை. தூக்க ஹார்மோனின் அளவைப் பார்க்கச் சிறுநீர்ப் பரிசோதனை. எந்த நேரத்தில் விளக்கைப் போடுவது, எந்த நேரத்தில் காரமான சாப்பாடு தருவது, எப்போது எழுந்து கைகாலை நீட்டச் சொல்வது என்பதெல்லாம் ஆய்வானது. அந்தப் பயணத்திலும் இரண்டு சூரியோதயம் வந்தது. ஆனால் காரணம் வேறு. கேட்டலினா மெதுவாகப் போனதால் இரண்டு விடியல் கண்டது. இது கிழக்கே சூரியனை எதிர்கொண்டு ஓடியதால் இரண்டாவது விடியல் முன்கூட்டியே வந்து நின்றது. திட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர் ‘புராஜெக்ட் சன்ரைஸ்’. பழைய கேட்டலினாக்களின் நினைவாக வைத்த பெயர் அது.

இதற்காக 2022இல் 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் கூடுதலாக 20,000 லிட்டர் பிடிக்கும் ஒரு தொட்டி. இருக்கைகள் 238 மட்டும். நடுவில் எழுந்து நின்று உடம்பை வளைக்க ஓர் இடம். 1938இன் பறக்கும் படகில் இருந்த அந்த நின்று பார்க்கும் அறை, சுற்றி வளைத்து மறுபடி வந்துவிட்டது என்று சொல்லலாம். பார்க்கத்தான் கீழே ஒன்றும் தெரியாது. சிட்னி–லண்டன் நேரடிச் சேவை 2027இல் தொடங்கும் என்கிறார்கள்.

போர் மட்டும் பழையபடியே பாதையை வளைக்கிறது. 2024இல் மேற்காசியாவில் பதற்றம் ஏறியபோது பெர்த்–லண்டன் விமானம் சில காலம் சிங்கப்பூரில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. சுற்றுவழியில் காற்றை எதிர்த்துப் போகத் தொட்டி போதவில்லை. லண்டனிலிருந்து திரும்புவது மட்டும் காற்றின் தயவில் நிற்காமல் ஓடியது.

1935இல் வாங்கிய டிக்கெட்டில் வழித்தங்கலும் கட்டிலும் சாப்பாடும் சேர்ந்தே இருந்தன. நாளை சிட்னியிலிருந்து நேராக லண்டன் போகிறவர், எங்கும் இறங்காமல் போவதற்காகவே கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். குவாண்டாஸ் அதை ஒளித்துப் பேசவில்லை. அவசரக்காரருக்கு அது வாழ்வா சாவா விஷயமாக இருக்கலாம், கொடுக்கட்டும். மற்றவர்களுக்குச் சிங்கப்பூர் வழி இன்னும் திறந்துதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், நேர்வழியில் மிச்சமாகும் அந்த நாலு மணி நேரத்தைச் செலவழித்து, சாங்கி விமான நிலையத்தில் இறங்கி ஒரு குளியல் போட்டுவிட்டு, சூடாக ஏதாவது சாப்பிட்டுப் போகிற டிக்கெட்டைத்தான் எடுப்பேன்.